படைத்தவன் வேண்டுமா? பக்தாதிலும் குர்துபாவிலும் நடந்த ஒரு விவாதம்



 

ஹிஜ்ரி 2-ஆம் ஆண்டு. பத்ருப் போரில் சிறைப்பட்ட மக்கத்துக் குறைஷியரை மீட்பது குறித்துப் பேசுவதற்காக மதீனாவுக்கு வந்தார் ஜுபைர் இப்னு முத்இம். அன்று அவர் முஸ்லிமல்லர். பகைவர் கூட்டத்தின் தூதராக வந்தவர். மஃரிப் தொழுகை நடந்து கொண்டிருந்தது. அண்ணலார் (ஸல்) அவர்கள் ‘அத்தூர்’ என்னும் 52-ஆம் அத்தியாயத்தை ஓதிக் கொண்டிருந்தார்கள். அதன் 35-ஆம் வசனம் முதல் கேள்விகள் அடுக்கடுக்காக வருகின்றன. மனிதன் காரணம் ஏதுமின்றித் தோன்றினானா, தானே தன்னை உண்டாக்கிக் கொண்டானா, விண்ணும் மண்ணும் அவனுடைய கைவேலையா என்பன அக்கேள்விகளின் கருத்து. அவற்றைக் கேட்டபோது தம் இதயம் பறந்துவிடும் போலிருந்ததாகப் பிற்காலத்தில் ஜுபைர் (ரலி) அவர்களே கூறினார்கள். ஸஹீஹுல் புகாரியில் இச்செய்தி பதிவாகியுள்ளது.

இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அவ்வசனங்கள் கட்டளையாக வரவில்லை, வினாவாக வந்தன. சாத்தியமான வழிகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, கேட்பவனையே யோசிக்க விட்டன. உஸூல் கலையில் ‘ஸப்ரு வத்தக்ஸீம்’ என்று இம்முறைக்குப் பெயர். போர்க்கைதிகளுக்காகப் பேச வந்த ஒரு குறைஷித் தலைவரின் நெஞ்சை அசைத்தது இந்த வினாதான்.

ஆனால் இன்று நம் வீடுகளில் நடப்பது என்ன? பொறியியல் படிக்கும் மகன் விடுமுறைக்கு வருகிறான். “எல்லாவற்றையும் அல்லாஹ் படைத்தான் என்றால், படைத்தவன் ஒருவன் இருந்தே ஆக வேண்டும் என்பதற்கு என்ன ஆதாரம், அத்தா?” என்று கேட்டுவிட்டால் வீடே அதிர்கிறது. தகப்பனார் அதட்டுகிறார்; தாயார் கண்ணீர் வடிக்கிறார்; யாரிடமாவது ஓதிப் பார்க்கலாமா என்ற பேச்சும் எழுகிறது. ஸஹாபாக்களில் சிலர் நபியவர்களிடம் வந்து, வாயால் சொல்லவும் அஞ்சக்கூடிய எண்ணங்கள் தங்கள் உள்ளத்தில் எழுவதாக முறையிட்டபோது, நபியவர்கள் அவர்களை விரட்டவில்லை. அந்த அச்சமே தெளிவான ஈமானின் அடையாளம் என்று ஆறுதல் அளித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் வரும் செய்தி இது. கேள்வி கேட்ட மகனை விரட்டுபவர் யாருடைய சுன்னத்தைப் பின்பற்றுகிறார் என்று நாம்தாம் யோசிக்க வேண்டும்.

இக்கேள்வி இன்றைய கல்லூரியில் முளைத்ததன்று. நம் முன்னோர் இதனை நூற்றாண்டுக் கணக்கில் பேசியிருக்கிறார்கள். ஒருவரையொருவர் மறுத்துப் பெருநூல்கள் எழுதியிருக்கிறார்கள். அவ்வரலாற்றைத்தான் இம்மாதம் நாம் காணப் போகிறோம்.

தொடக்கம் கிரேக்கத்தில். அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) உலகம் தொடக்கமற்றது என்று கருதினார். வானக் கோளங்கள் என்றும் சுழன்று கொண்டேயிருக்கின்றன. அச்சுழற்சிக்கு அசையாத ஒரு மூல இயக்குபவன் உண்டு. ஆனால் உலகம் இல்லாதிருந்த ஒரு நிலை ஒருபோதும் இல்லை என்பது அவருடைய முடிவு. இதனை அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த ஒரு கிறிஸ்தவ அறிஞர் கி.பி. 529-இல் நூல் எழுதி மறுத்தார். கிரேக்கர்களுக்கு அவர் ஜான் ஃபிலோபோனஸ். நம் அரபுக் கிதாபுகளில் அவர் ‘யஹ்யா அந்நஹ்வீ’, அதாவது இலக்கண ஆசிரியர் யஹ்யா. கடந்த நாட்கள் முடிவற்றவை என்றால் அவை அனைத்தும் கடந்து இன்றைய நாள் எப்படி வந்து சேர்ந்தது? நேற்றுவரை முடிவற்ற நாட்கள் கடந்திருக்க, இன்றைய நாளும் அதனுடன் சேர்ந்தால் முடிவற்றது வளர்ந்துவிட்டதா? இவ்வாறெல்லாம் அவர் கேட்டார்.

அப்பாஸிய கலீஃபா மஃமூனின் காலத்திலும் (813–833) அதையடுத்தும் பக்தாதில் கிரேக்க நூல்கள் அரபியில் பெருகின. அரிஸ்டாட்டிலும் வந்தார், அவரை மறுத்த யஹ்யாவும் வந்தார். அரபுகளில் முதல் மெய்யியலாளர் என்று போற்றப்படும் அல்கிந்தி, கலீஃபா முஃதஸிமுக்கு அர்ப்பணித்த ‘அல்ஃபல்ஸஃபத்துல் ஊலா’ என்ற நூலில், உலகமும் காலமும் எல்லையுடையவை என்றே வாதிட்டார். அரிஸ்டாட்டிலை மதித்தவர்தாம், ஆயினும் இந்த ஓர் இடத்தில் அவரைப் பின்பற்றவில்லை.

பின்னர் வந்த ஃபாராபியும் (இறப்பு 950) இப்னு ஸீனாவும் (980–1037) வேறு வழியில் சென்றனர். இப்னு ஸீனாவின் கருத்தைச் சற்று நிதானமாகப் புரிந்து கொள்ள வேண்டும். ஏனெனில் அவரைப் படைத்தவனை மறுத்தவர் என்று சிலர் நினைத்துக் கொண்டிருக்கிறார்கள். அது பெரும் தவறு. இருப்பவற்றை அவர் இரண்டாகப் பிரித்தார். இருந்தும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம் என்ற நிலையிலுள்ளவை ‘மும்கின்’. இல்லாமலிருப்பதே அசாத்தியம் என்ற நிலையிலுள்ளது ‘வாஜிப்’. மும்கினான ஒன்று இருக்கிறதென்றால், இன்மையைவிட்டு இருப்பின் பக்கம் அதனைச் சாய்த்த வேறொன்று இருந்தாக வேண்டும். அந்த வேறொன்றும் மும்கின் என்றால் கேள்வி அதன்மீதும் பாயும். இப்படி எத்தனை மும்கின்களை அடுக்கினாலும், அவை முடிவற்றவையாகவே இருந்தாலும், அந்த அடுக்கு முழுவதும் ஒரு ‘வாஜிபுல் உஜூதை’ச் சார்ந்தே நிற்கும். அவனே அல்லாஹ்.

இந்த வாதத்தில் ‘தொடக்கம்’ என்ற சொல்லுக்கு வேலையே இல்லை. கையில் சாவியைப் பிடித்துக் கொண்டு கையைத் திருப்பினால் சாவியும் திரும்புகிறது. கையும் சாவியும் ஒரே நொடியில்தான் அசைகின்றன. ஆயினும் சாவி அசைந்தது கையால்தான். அதுபோல் உலகம் காலத்தால் இறைவனுக்குப் பிந்தியதாக இல்லாவிட்டாலும், இருப்பால் அவனைச் சார்ந்ததே என்றார் இப்னு ஸீனா. உலகம் அநாதி, ஆனால் அநாதியாகவே அல்லாஹ்வின் தயவில் நிற்பது என்பது அவருடைய கொள்கையின் சாரம்.

இதைத்தான் இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் ஏற்கவில்லை.

ஹிஜ்ரி 450-இல் (கி.பி. 1058) குராஸானின் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், நைஸாபூரில் இமாமுல் ஹரமைன் ஜுவைனி (ரஹ்) அவர்களிடம் பயின்றார்கள். 1091-இல், தம் 33-ஆம் வயதில், ஸல்ஜூக்கிய அமைச்சர் நிழாமுல் முல்க் அவர்களைப் பக்தாத் நிழாமிய்யாவின் தலைமைப் பேராசிரியராக நியமித்தார். 300 மாணவர்கள் தம்மிடம் பயின்றதாக இமாமவர்களே எழுதுகிறார்கள். அவ்வளவு பணிக்கிடையிலும், கிடைத்த ஓய்வு நேரங்களில் ஆசிரியர் துணையின்றி மெய்யியல் நூல்களைத் தாமே படித்தார்கள். இரண்டு ஆண்டுகளுக்குள் படித்து முடித்து, பிறகு ஏறத்தாழ ஓராண்டு அவற்றையே அசைபோட்டதாக ‘அல்முன்கித்’ நூலில் கூறுகிறார்கள். முதலில் மெய்யியலாளர்களின் கருத்துக்களை அவர்கள் சொல்வது போலவே ‘மகாஸிதுல் ஃபலாஸிஃபா’ என்ற நூலில் எடுத்து வைத்தார்கள். அது லத்தீனில் மொழிபெயர்க்கப்பட்டபோது, ஐரோப்பியர் பலர் கஸ்ஸாலியையே இப்னு ஸீனாவின் சீடர் என்று எண்ணிவிட்டார்கள்! எதிராளியின் கருத்தை அவரினும் நன்றாகச் சொல்லிவிட்டுப் பிறகு மறுப்பது என்றால் இதுதான். இன்று நம் மேடைகளில் நடக்கும் மறுப்புரைகளை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

1095-இன் தொடக்கத்தில் ‘தஹாஃபுதுல் ஃபலாஸிஃபா’ நிறைவுற்றது. 20 பிரச்சினைகள். அவற்றுள் முதலாவதும் மிக நீண்டதும் உலகம் அநாதியா என்பதே. இந்த 20-இல் மூன்றை மட்டும் இமாமவர்கள் ஈமானைவிட்டு வெளியேற்றுபவை என்று தீர்ப்பளித்தார்கள்: உலகம் அநாதி என்பது, அல்லாஹ் தனித்தனி நிகழ்வுகளை அவை தனித்தனியாக இருக்கும் விதத்தில் அறியமாட்டான் என்பது, மறுமையில் உடல் எழுப்பப்படாது என்பது.

உலகம் அநாதி என்பதற்கு மெய்யியலாளர்கள் வைத்த வாதங்களில் வலுவானது இது. காரணம் முழுமையாக இருந்தால் விளைவு தாமதிக்காது. அல்லாஹ்வின் வல்லமையும் நாட்டமும் என்றும் இருப்பவை. அப்படியானால் உலகம் ‘அப்போது’ தோன்றி, அதற்கு முன் தோன்றாதிருந்தது ஏன்? புதிதாக ஏதேனும் கூடியதா? கூடியது என்றால் அல்லாஹ்வில் மாற்றம் வந்ததாகும். கூடவில்லை என்றால் உலகம் என்றும் இருந்திருக்க வேண்டும். (இவ்விடத்தில் நிபந்தனையிட்டுச் சொல்லப்படும் தலாக்கின் சட்டம்கூட உதாரணமாக வருகிறது. ஃபிக்ஹு ஓதியவர்கள் அப்பக்கங்களைச் சுவைத்துப் படிப்பார்கள்.)

இமாமவர்களின் பதில், நாட்டம் என்ற பண்பின் இலக்கணத்திலேயே அமைந்தது. ஒன்றுபோலவே இருக்கும் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதுதான் நாட்டத்தின் வேலை. பசித்த ஒருவன் முன் எவ்வகையிலும் வேறுபாடில்லாத இரு பேரீச்சம்பழங்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒருசேர எடுக்க முடியாது. வேறுபாடு இல்லை என்பதற்காக அவன் பசியோடு திகைத்து உட்கார்ந்திருப்பானா? ஒன்றை எடுத்து உண்பான். அல்லாஹ் அநாதியான தன் நாட்டத்தால், உலகம் எப்போது தோன்ற வேண்டுமோ அப்போது தோன்றும்படி நாடினான். நாட்டம் பழையது, நாடப்பட்டது புதியது. மேலும் ‘அதற்கு முன்’ என்று கேட்பதே பிழை என்றார்கள் இமாமவர்கள். காலமும் படைக்கப்பட்ட ஒன்று. உலகத்துக்கு அப்பால் வெற்றிடம் இருப்பதாக நம் கற்பனை மயங்குவது போலவே, உலகத்துக்கு முன் காலம் ஓடியதாகவும் மயங்குகிறது.

பிறகு தாக்குதலுக்குத் திரும்பினார்கள். சூரியன் ஓராண்டில் சுற்றி வருகிறது; வியாழன் 12 ஆண்டுகளில், சனி 30 ஆண்டுகளில். இது அக்கால வானியல். உலகம் அநாதி என்றால் சனியின் சுற்றுகளும் முடிவற்றவை, சூரியனின் சுற்றுகளும் முடிவற்றவை. ஆனால் ஒன்று மற்றதில் முப்பதில் ஒரு பங்கு! அச்சுற்றுகளின் எண்ணிக்கை ஒற்றைப்படையா, இரட்டைப்படையா? யஹ்யா அந்நஹ்வீயிடமும் இப்போக்கு உண்டு. இமாமவர்களின் கையில் அது கூர்மை பெற்றது.

இக்கணக்கைக் கேட்டதும் நம் உள்ளம் மகிழ்கிறது. ஆயினும் ஒன்றைச் சொல்லாமல் விடுவது அமானிதமாகாது. ஜெர்மானியக் கணித அறிஞர் கான்டோர் 1874 முதல் எழுதிய ஆய்வுகளால் முடிவிலியின் கணிதம் பெரிதும் விரிந்தது. 1, 2, 3 என்ற வரிசையையும் 30, 60, 90 என்ற வரிசையையும் ஒன்றுக்கொன்றாக மிச்சமின்றி இணைக்க முடியும் என்பதால், முடிவற்ற ஒன்று தன் முப்பதில் ஒரு பங்குடன் சமமாக இருப்பதில் கணித முரண் இல்லை என்று இன்று பள்ளி மாணவனும் கற்கிறான். காகிதத்தில் சாத்தியமானது நடந்து முடிந்த காலத்திலும் சாத்தியமா என்பது வேறு கேள்வி. அதில் இமாமவர்களின் பக்கம் நிற்போர் இன்றும் உண்டு. ஆனால் இந்த ஒரு கணக்கை மட்டும் சொல்லிவிட்டு எதிராளியின் வாயடைத்துவிட்டதாக நினைப்பவர், கணிதம் படித்த பிள்ளையிடம் அவமானப்படுவார்.

அந்த நூலின் முன்னுரையில் இமாமவர்கள் ஓர் எச்சரிக்கை செய்கிறார்கள். சந்திர கிரகணம் பூமி குறுக்கே வருவதாலும், சூரிய கிரகணம் சந்திரன் குறுக்கே வருவதாலும் நிகழ்கின்றன. இவை வடிவக்கணிதத்தாலும் எண்கணக்காலும் உறுதியானவை. மார்க்கத்தைக் காப்பதாக எண்ணி இவற்றை மறுப்பவன் மார்க்கத்துக்கே தீங்கிழைக்கிறான். மார்க்கத்தை வெளிப்படையாகத் தாக்குபவனைவிட, தவறான வழியில் ஆதரிப்பவன் செய்யும் கேடு பெரிது என்பது அதன் கருத்து. தஹாஃபுத்தைப் படிக்காமலே, கஸ்ஸாலி அறிவியலைக் கொன்றவர் என்று எழுதுவோர் இந்த முன்னுரையை ஒருமுறை புரட்டட்டும்.

அதே 1095-இல் இமாமவர்களின் வாழ்வு தலைகீழானது. வகுப்பில் அமர்ந்தால் நாவு எழவில்லை, உணவு இறங்கவில்லை, மருத்துவர்கள் கைவிரித்தார்கள். நவம்பரில் பதவி, புகழ், செல்வம் அனைத்தையும் துறந்து பக்தாதை விட்டு வெளியேறினார்கள். உலகின் தொடக்கத்தைப் பற்றி உலகையே வாதத்தில் வென்றவர், தம் நிய்யத் யாருக்காக என்று தம்மையே கேட்டுக் கொண்டார். இஹ்யாவு உலூமித்தீன் அந்தத் துறவுக் காலத்தின் கனி.

இனி குர்துபாவுக்குச் செல்வோம்.

மராகிஷ் நகரில் முவஹ்ஹிதுகளின் கலீஃபா அபூயஃகூப் யூஸுஃபின் அவை. அவருடைய மருத்துவரும் மெய்யியலாளருமான இப்னு துஃபைல், குர்துபாவைச் சேர்ந்த ஓர் இளம் அறிஞரை அவையில் அறிமுகம் செய்கிறார். பெயர், குலம் விசாரித்த கலீஃபா, அடுத்து எடுத்த எடுப்பில் கேட்கிறார்: வானத்தைப் பற்றி மெய்யியலாளர்கள் என்ன கூறுகிறார்கள்? அது அநாதியா, படைக்கப்பட்டதா? இளைஞருக்கு வியர்த்துவிட்டது. தாம் மெய்யியல் படித்ததே இல்லை என்று மறுத்துவிட்டார்! அச்சத்தைப் புரிந்து கொண்ட கலீஃபா, இப்னு துஃபைல் பக்கம் திரும்பி, அரிஸ்டாட்டிலும் பிளேட்டோவும் சொன்னவற்றையும், அவர்களுக்கு முஸ்லிம் அறிஞர்கள் அளித்த மறுப்புகளையும் தாமே சரளமாகப் பேசத் தொடங்கினார். பிறகுதான் இளைஞரின் நா கட்டவிழ்ந்தது. வரலாற்றாசிரியர் அப்துல் வாஹித் அல்மர்ராகுஷி பதிவு செய்துள்ள நிகழ்ச்சி இது.

அந்த இளைஞர்தாம் இப்னு ருஷ்து (1126–1198). நம் மத்ரஸாக்களில் ‘பிதாயத்துல் முஜ்தஹித்’ நூலின் ஆசிரியராக அறியப்படும் மாலிகி ஃபகீஹ். 1169-இல் இஷ்பீலியாவின் காழியாகவும் பின்னர் குர்துபாவின் காழியாகவும் பணியாற்றினார். 1180 அளவில் ‘தஹாஃபுதுத் தஹாஃபுத்’ என்ற நூலை எழுதி, இமாம் கஸ்ஸாலியின் நூலைப் பத்தி பத்தியாக எடுத்து வைத்துப் பதிலளித்தார்.

பேரீச்சம்பழ உதாரணத்துக்கு அவருடைய பதில் சுவையானது. பசித்தவன் தேர்வது இந்தப் பழமா அந்தப் பழமா என்பதன்று. உண்பதா, உண்ணாமலிருப்பதா என்பதே. எதை எடுத்தாலும் அவன் நோக்கம் நிறைவேறுகிறது. ஆகவே ஒன்றுபோன்ற இரண்டில் ஒன்றைத் தேர்ந்தான் என்பது இதற்குச் சான்றாகாது என்றார். உண்மையைச் சொன்னால், இந்த இடத்தில் இப்னு ருஷ்து ஒரு புள்ளி வென்றுவிட்டார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனால் அல்லாஹ்வின் நாட்டத்தை மனித நாட்டத்தோடு ஒப்பிட்டு அளக்கக் கூடாது என்பதை இருவருமே வற்புறுத்துகிறார்கள். அப்படியானால் உதாரணம் விழுந்தாலும் கொள்கை விழவில்லை.

‘ஃபஸ்லுல் மகால்’ என்ற சிறுநூலில் அவர் சமரசத்துக்கும் முயன்றார். உலகம் கதீமா, ஹாதிஸா என்ற சண்டையில் பெயர் வேறுபாடே மிகுதி. ஒரு காரணனால் உண்டானது என்பதில் இரு சாராரும் ஒன்றுபட்டிருக்கிறார்கள். ஆகவே குஃப்ர் தீர்ப்பு வழங்கும் அளவுக்கு இது போகவில்லை என்றார். படைத்தவன் இருப்பதற்கு அவர் உகந்தவையாகக் கருதிய ஆதாரங்கள் இரண்டு: படைப்பினங்கள் மனித வாழ்வுக்கு இயைந்து அமைந்திருக்கும் பராமரிப்பு, உயிர் முதலியவை புதிதாக உண்டாக்கப்படும் விந்தை. பாமரருக்கும் அறிஞருக்கும் பொதுவான குர்ஆனிய வழி இதுவே என்பது அவர் கருத்து.

நம்மில் சிலர் நினைப்பது போல் ஈமானுக்கும் இறைமறுப்புக்கும் நடந்த சண்டையன்று இது. கஸ்ஸாலி, இப்னு ஸீனா, இப்னு ருஷ்து என மூவரும் படைத்தவனை ஏற்றவர்கள். எவ்வழியே அவனை அறிவது என்பதில்தான் வேறுபாடு. இப்னு துஃபைல் (இறப்பு 1185) எழுதிய ‘ஹய் இப்னு யக்ழான்’ கதையில், தனித்தீவில் வளரும் ஹய் இதே கேள்வியில் பல ஆண்டுகள் தத்தளிக்கிறான். உலகுக்குத் தொடக்கம் உண்டு என்றாலும் இல்லை என்றாலும் தடைகள் எழுகின்றன. ஆனால் எந்தப் பக்கம் சென்றாலும் உடலற்ற ஓர் உண்டாக்குபவனிடமே வந்து சேர்வதைக் கண்டு அவன் அமைதி அடைகிறான்.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். 1109-இல் முராபித்துகள் ஆட்சியில் குர்துபாவில் இமாம் கஸ்ஸாலியின் இஹ்யா எரிக்கப்பட்டது. 1195-இல் இப்னு ருஷ்து லூஸேனாவுக்கு நாடு கடத்தப்பட்டார். அவருடைய மெய்யியல் நூல்களும் தீக்கிரையாயின. இருவரும் எதிரெதிர் அணியினர். எரித்த நெருப்பு ஒன்றே. பின்னர் மன்னிக்கப்பட்டு மராகிஷ் திரும்பிய இப்னு ருஷ்து 1198-இல் மறைந்தார். அவரது உடல் குர்துபாவுக்குக் கொண்டு செல்லப்பட்டபோது, வாகன மிருகத்தின் ஒரு பக்கம் ஜனாஸாவும், மறுபக்கம் எடைக்கு எடையாக அவர் எழுதிய நூல்களும் ஏற்றப்பட்டிருந்ததை ஷைகுல் அக்பர் இப்னு அரபி நேரில் கண்டு எழுதியிருக்கிறார்.

அந்நூல்கள் லத்தீனிலும் ஹீப்ருவிலும் ஐரோப்பாவை அடைந்து பாரிஸ் பல்கலைக்கழகத்தைக் கலக்கின. உலகுக்குத் தொடக்கம் உண்டென்பதை வேதத்தால் நம்பலாமே தவிர, பகுத்தறிவால் நிறுவ முடியாது என்றார் தாமஸ் அக்வினாஸ் (1225–1274). இரு பக்கமும் சமவலுவுடைய வாதங்கள் நிற்பதாகக் கூறி 1781-இல் கான்ட் ஒதுங்கிக் கொண்டார். அடுத்து ஒன்றரை நூற்றாண்டு, அறிவியலில் அநாதியான பிரபஞ்சமே இயல்பான எண்ணமாக இருந்தது. 1917-இல் ஐன்ஸ்டைன்கூட விரியாத, சுருங்காத பிரபஞ்சத்தையே தம் சமன்பாடுகளில் நிலைநிறுத்த முயன்றார்.

1922-இல் ஃப்ரீட்மனும், 1927-இல் பெல்ஜிய நாட்டுப் பாதிரியாரும் இயற்பியலாளருமான ஜார்ஜ் லெமைத்ரும் பிரபஞ்சம் விரியக் கூடியது என்று கணித்தார்கள். 1929-இல் ஹப்பிளின் அளவைகள் அதற்குத் துணை நின்றன. 1931-இல் லெமைத்ர் எல்லாம் ஓர் ஆதி அணுவிலிருந்து தொடங்கியதாக எழுதினார். இதனை விரும்பாத ஃப்ரெட் ஹாயில் போன்றோர் 1948-இல் தொடக்கமில்லாத ‘நிலைத்த பிரபஞ்சம்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். 1949-இல் பிபிசி வானொலியில் ‘பெருவெடிப்பு’ என்று பெயர் சூட்டியவரும் அந்த ஹாயில்தான். எதிர்த்தவர் வைத்த பெயரே நிலைத்துவிட்டது. 1965-இல் பென்ஸியாஸ், வில்சன் இருவரும் வானெங்கும் பரவிய நுண்ணலைக் கதிர்வீச்சைக் கண்டறிந்ததாக அறிவித்ததும் தராசு ஒரு பக்கம் சாய்ந்தது. சுமார் 1380 கோடி ஆண்டுகள் என்பது இன்றைய கணிப்பு.

1951-இல் பன்னிரண்டாம் பயஸ் போப்பாண்டவர், அறிவியல் படைப்பின் தருணத்துக்குச் சாட்சி சொல்லிவிட்டது என்னும் பாணியில் உரையாற்றினார். அதைக் கேட்டு மகிழ்ந்திருக்க வேண்டிய லெமைத்ர் மனம் வருந்தினார். தம் கோட்பாடு சமயக் கேள்விகளுக்கு வெளியே நிற்பது, நாளை அது மாறவும் கூடும் என்பது அவருடைய நிலை. மறு ஆண்டு ரோமில் வானியலாளர் மாநாட்டில் பேசியபோது போப் அக்கருத்தை மீண்டும் சொல்லவில்லை.

அன்புச் சகோதரர்களே! இந்த இடத்தில் நம் பக்கம் திரும்பிப் பார்க்கிறேன். ‘அல்அன்பியா’ அத்தியாயத்தின் 30-ஆம் வசனத்தைக் காட்டி, பெருவெடிப்பைக் குர்ஆன் அன்றே கூறிவிட்டது என்று நம் மேடைகளில் முழங்குகிறோம். வானும் பூமியும் ஒட்டியிருந்து பிரிக்கப்பட்டன என்ற விளக்கம் இப்னு அப்பாஸ் (ரலி) அவர்களிடமிருந்து வந்திருப்பது உண்மை. ஆனால் வானம் மழை பொழியாமலும் பூமி விளையாமலும் மூடிக்கிடந்து, பின்னர் மழையாலும் பயிராலும் திறக்கப்பட்டன என்ற விளக்கமும் அவர்களிடமிருந்தே வந்துள்ளது. தப்ரீயில் இரண்டும் உண்டு. ஒன்றை மட்டும் எடுத்து ஒரு கோட்பாட்டோடு முடிச்சுப் போட்டுவிட்டால், அக்கோட்பாடு திருத்தப்படும் நாளில் நம் பிள்ளையின் ஈமானும் அதனுடன் ஆடும். பெருவெடிப்புக்கு முன்னும் பிரபஞ்சம் இருந்திருக்கலாம், சுழற்சியாக வந்திருக்கலாம் என்று பென்ரோஸ் போன்றோர் இன்றும் பேசிக் கொண்டுதான் இருக்கிறார்கள். அது நாளை நிரூபிக்கப்பட்டாலும் இப்னு ஸீனாவின் வாதத்துக்கு ஒரு கீறலும் விழாது. இமாம் கஸ்ஸாலி கிரகணத்தைப் பற்றிச் செய்த எச்சரிக்கையின் மறுபக்கம் இது: உறுதியான அறிவியலை மார்க்கத்தின் பெயரால் மறுப்பதும் கேடு, உறுதியாகாததை மார்க்கத்தின் தூணாக நடுவதும் கேடு.

இறைமறுப்பாளரின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்போம். ஆங்கில மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் 1927-இல் ஆற்றிய உரையில், எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டுமென்றால் இறைவனுக்கும் காரணம் வேண்டும் என்றார். நம் பிள்ளைகளின் காதில் விழுவது பெரும்பாலும் இதுதான். ஆனால் எல்லாவற்றுக்கும் காரணம் வேண்டும் என்று நம் இமாம்களில் யார் சொன்னார்? ‘அல்இக்திஸாத்’ நூலில் இமாம் கஸ்ஸாலி வைத்த முதல் கூற்று, புதிதாகத் தோன்றிய ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பது. இப்னு ஸீனாவின் கூற்று, மும்கினான ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு என்பது. தோன்றாதவனும் வாஜிபானவனும் இவ்விரு கூற்றுக்குள்ளும் வருவதில்லை. ரஸ்ஸல் எய்த அம்பு வேறெங்கோ பாய்ந்துவிட்டது.

1948 ஜனவரியில் பிபிசியில் கோப்பிள்ஸ்டன் என்ற பாதிரியாருடன் நடந்த விவாதத்தில் ரஸ்ஸல் இன்னும் கூர்மையாக வந்தார். கோப்பிள்ஸ்டன் எடுத்துக் கொண்டது கிட்டத்தட்ட இப்னு ஸீனாவின் பாதையைத்தான். ஒவ்வொரு மனிதனுக்கும் தாய் உண்டு என்பதால் மனித இனம் முழுமைக்கும் ஒரு தாய் உண்டென்று ஆகாது என்று ரஸ்ஸல் மறுத்தார். பிரபஞ்சம் இருக்கிறது, அவ்வளவுதான் என்று நிறுத்திக் கொண்டார். இது எளிதில் தள்ளக் கூடிய மறுப்பன்று. செங்கல் ஒவ்வொன்றும் சிறியது என்பதால் சுவரும் சிறியது ஆகாது. ரஸ்ஸல் சொன்னது சரி. ஆனால் செங்கல் ஒவ்வொன்றும் மண் என்றால் சுவரும் மண்தான். பிறரைச் சார்ந்திருத்தல் என்பது அளவைப் போன்றதா, மண்ணைப் போன்றதா? மண்ணைப் போன்றது என்று நாம் கூறுகிறோம். சார்ந்து நிற்பவற்றை எவ்வளவு கூட்டினாலும் சாராத ஒன்று கிடைக்காது.

2010-இல் ஸ்டீஃபன் ஹாக்கிங், லெனர்ட் மிலோடினோவுடன் சேர்ந்து எழுதிய நூலில், ஈர்ப்பு போன்ற விதி இருப்பதால் பிரபஞ்சம் தன்னைத் தானே ஒன்றுமின்மையிலிருந்து உண்டாக்கிக் கொள்ளும் என்று எழுதினார். விதி ஒன்று இருக்கையில் அது ‘ஒன்றுமின்மை’ எப்படி ஆகும் என்று இறைநம்பிக்கையற்ற மெய்யியலாளர்கள்கூடக் கேட்டார்கள். தன்னைத் தானே படைத்துக் கொள்வது என்ற வழியோ, மதீனத்துப் பள்ளிவாசலில் அந்த மஃரிப் வேளையில் ஜுபைரின் காதில் விழுந்த கேள்விகளுள் இரண்டாவது.

1979-இல் அமெரிக்க மெய்யியலாளர் வில்லியம் லேன் கிரெய்க் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘கலாம்’ என்ற அரபுச் சொல் இடம்பெற்றது. கஸ்ஸாலியின் வாதத்தை அவர் ஆங்கிலத்தில் புதுப்பித்தார், அவர் கிறிஸ்தவர். அதன்பின் மேலைநாட்டுப் பல்கலைக்கழகங்களில் அது விவாதிக்கப்படாத ஆண்டில்லை. நம் பிள்ளைகளில் பலர் இமாம் கஸ்ஸாலியின் ஆதாரத்தை முதன்முதலில் கேட்பது அத்தகைய ஆங்கில விவாதங்களின் காணொளியில்தான். இத்தனைக்கும் நம் மத்ரஸாக்களில் ஓதப்படும் ‘ஷர்ஹுல் அகாயித்’ கிதாபில், உலகம் அதன் பகுதிகள் அனைத்துடனும் ஹாதிஸ் என்பதற்கு அல்லாமா தஃப்தாஸானி (ரஹ்) பக்கம் பக்கமாக ஆதாரம் எழுதியிருக்கிறார்கள். தலைப்பாகை கட்டி ஸனது பெறுவதற்கு முன் அதனை உஸ்தாதிடம் ஓதும் மாணவர் உண்டு. பின்னர் மிம்பரில் ஏறி இத்தலைப்பில் பேச நேரும்போது, தச்சனின்றித் தானே பலகை பொருந்தி உருவான கப்பலைப் பற்றி இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்கள் கூறியதாக வழங்கும் கதையைச் சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார்.